டாக்டர் பதில்கள்: கொழுப்பே ரத்தக்குழாயைக் காக்குமா?

சென்ற இதழில் தொப்பை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, நம் உடம்பின் கொழுப்புத் திசு 'அடிப்போனெக்டின்' என்று ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, அது ரத்தக்குழாயை அழற்சியிலிருந்து, அதாவது உள்ளுக்குள் சிவந்து வீங்கிப் புண்ணாவதிலிருந்து, காக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை பாதிக்கு மேல் கடிதங்கள். சுருக்கமாகச் சொன்னது என் தவறு. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: டாக்டர், வணக்கம். என் மகனுக்கு 36 வயது, பெங்களூரில் வேலை. அலுவலகத்தில் மாஸ்டர் செக்கப் செய்ததில் அடிப்போனெக்டின் குறைவு என்று வந்திருக்கிறது. சுகர், பிரஷர் எல்லாம் 'பார்டரில்' இருக்கிறதாம். கொஞ்சம் தொப்பை உண்டு. கொழுப்பு சுரக்கிற ஹார்மோன் என்றால் குண்டாக இருப்பவனுக்கு அது அதிகமாகத்தானே இருக்க வேண்டும்? எனக்கு ஒன்றும் புரியவில்லை, பயமாகவும் இருக்கிறது. — வாசகி, கும்பகோணம்

அம்மா, நீங்கள் கேட்ட அதே கேள்வியை ஒரு காலத்தில் விஞ்ஞானிகளும் கேட்டார்கள். நாங்கள் கல்லூரியில் படித்தபோது கொழுப்பு என்றால் குதிர் மாதிரி, மிஞ்சியதைக் கொட்டி வைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் இடம், அவ்வளவுதான். 1994இல் லெப்டின் என்ற ஹார்மோனை நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது. அதன் பிறகுதான் இந்தக் குதிர் பேசவும் செய்கிறது, மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் தகவல் அனுப்புகிறது என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஹார்வி லோடிஷின் ஆய்வகத்தில் ஃபிலிப் ஷெரர் இந்த இன்னொரு புரதத்தைக் கண்டெடுத்தார். 1996இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் யூஜி மட்சுசாவா குழுவும் மனிதக் கொழுப்பிலிருந்து இதையே தனியாகக் கண்டுபிடித்தது. ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள், கடைசியில் அடிப்போனெக்டின் என்ற பெயர் நிலைத்தது.

இதன் அளவுதான் முதல் ஆச்சரியம். ஒரு மில்லிலிட்டர் ரத்த நீரில் சுமார் 3 முதல் 30 மைக்ரோகிராம் வரை இருக்கும். கேட்கச் சின்ன எண் மாதிரித் தெரியும், ஆனால் லெப்டின் நானோகிராம் கணக்கில், அதாவது கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால், இவ்வளவு தாராளமாக ரத்தத்தில் ஓடுகிற ஹார்மோன் அபூர்வம் என்பது புரியும்.

இரண்டாவது ஆச்சரியம் உங்கள் கேள்வியில் இருப்பது. 1999இல் ஒசாகா குழு ஒல்லியானவர்கள், பருத்தவர்கள் இருவரின் ரத்தத்தையும் அளந்து பார்த்தபோது, பருத்தவர்களிடம் இது குறைவாக இருந்தது. கொழுப்பு செல்லிலிருந்து மட்டும் பெருமளவில் வருகிற ஒன்று, கொழுப்பு கூடக் கூடக் குறைகிறது! காரணம் பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது. கொழுப்பு செல் அளவுக்கு மீறிப் புடைக்கும்போது அதற்குப் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை, அது திணறுகிறது, அங்கே வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன, அவை டி.என்.எஃப். ஆல்ஃபா மாதிரியான அழற்சி ரசாயனங்களைக் கொட்டுகின்றன. அந்த ரசாயனங்கள் அடிப்போனெக்டின் தயாரிப்பையே அமுக்கிவிடுகின்றன. ஆக, நிறையக் கொழுப்பு இருந்தும் அது நோயாளிக் கொழுப்பு. வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிச் சேருகிற கொழுப்பு இப்படிக் கெடுவதில் முதலிடம், தொடையிலும் இடுப்புக்குக் கீழேயும் சேருவது அந்த அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம், ஆனால் மடித்து அலமாரியில் வைத்துவிடவும் வேண்டாம். அடிப்போனெக்டின் என்பது வழக்கமாக எடுக்கச் சொல்கிற பரிசோதனை இல்லை. லேபுக்கு லேப் அளவுகோல் மாறும், ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும் (பெண்களுக்குப் பொதுவாகக் கூடுதல்), அதன் ஒரு எண்ணை வைத்து எந்த மருத்துவரும் மருந்து எழுதுவதில்லை. நான் பார்ப்பது அதன் பக்கத்தில் இருக்கிற மற்ற எண்களை. 36 வயதில் சுகரும் பிரஷரும் பார்டரில், கூடவே தொப்பை என்றால், அந்தப் பையனின் ரத்தக்குழாய்கள் இப்போதே பாதுகாப்புக் குறைந்து நிற்கின்றன என்று அர்த்தம். 3 மாதச் சராசரி சுகர், கொலஸ்ட்ரால், ஈரல் ஸ்கேன் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு பொது மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: கொழுப்பு ரத்தக்குழாயை அடைக்கும் என்று 20 வருஷமாகச் சொல்லிவிட்டு இப்போது கொழுப்பே காக்கும் என்கிறீர்கள். எதைத்தான் நம்புவது? — வாசகர், திருப்பூர்

கோபம் நியாயமானது, ஆனால் குற்றவாளி நம் சொல்தான். தமிழில் சட்டியில் ஊற்றுகிற எண்ணெயும் கொழுப்பு, ரத்தத்தில் ஓடுகிற கொலஸ்ட்ராலும் கொழுப்பு, இடுப்பில் மடிப்பு மடிப்பாகத் தொங்குவதும் கொழுப்பு. ஆஸ்பத்திரியில் "உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்றால், கேட்கிறவர் தன் வயிற்றைத் தடவிப் பார்ப்பார். சொன்னவர் ரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல்.லைச் சொல்லியிருப்பார்.

ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து படிவது எல்.டி.எல். கொலஸ்ட்ரால். இதில் எதுவும் மாறவில்லை, உங்களுக்கு அதற்கு மாத்திரை எழுதியிருந்தால் அதைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நான் பேசுவது தோலுக்கு அடியிலும் வயிற்றுக்குள்ளும் இருக்கிற திசுவைப் பற்றி. அது நல்ல நிலையில் இருந்தால் காவலுக்கு ஆள் அனுப்பும், வீங்கிப் புண்ணானால் காவலை விலக்கிக்கொண்டு அழற்சியை அனுப்பும்.

சரி, அழற்சி அவ்வளவு பெரிய விஷயமா, கொலஸ்ட்ராலைக் குறைத்தால் போதாதா என்று அடுத்த கேள்வி வரும். 2017இல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, ரத்தத்தில் அழற்சிக் குறியீடான சி.ஆர்.பி. உயர்ந்திருந்த 10,000 பேருக்கு மேல் எடுத்து, சிலருக்குக் கனாகினுமாப் என்ற ஊசி போட்டார்கள். அந்த மருந்து கொலஸ்ட்ராலைத் தொடவே இல்லை, அழற்சியை மட்டும் தணித்தது. அதற்கே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 15 சதவீதம் குறைந்தன. தொற்று நோய் ஆபத்து கூடியதாலும் விலையாலும் அது நடைமுறைக்கு வரவில்லை, அது வேறு கதை. ஆனால் ரத்தக்குழாய் அடைப்பில் அழற்சிக்குத் தனிப் பங்கு உண்டு என்ற வாதம் அன்றோடு தீர்ந்தது. நம் உடம்பு அந்த வேலைக்கென்றே தினமும் தயாரிக்கிற பொருள்களில் ஒன்றுதான் அடிப்போனெக்டின் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பிளஸ் டூ உயிரியல் பிரிவு மாணவி. அது ரத்தக்குழாய்க்குள் போய் உண்மையில் என்னதான் செய்கிறது? 'காக்கிறது' என்று மட்டும் சொன்னால் எப்படி சார்? — நாகர்கோவில்

நல்ல கேள்வி அம்மா, பொதுவாகச் சொன்னதை ஏற்றுக்கொள்ளாமல் கேட்டிருக்கிறாய். உன் ஊரில் பலாப்பழத்துக்குப் பஞ்சமில்லை, அதிலிருந்தே தொடங்குகிறேன். பழத்தை வெட்டும் முன் பாட்டி கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதைப் பார்த்திருப்பாய். தடவாமல் கை வைத்தால் பிசின் ஒட்டி, பிறகு அதில் தூசி, துணி எல்லாம் ஒட்டும். இதை மனதில் வைத்துக்கொள்.

ரத்தக்குழாயின் உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது, எண்டோதீலியம் என்று பாடத்தில் படித்திருப்பாய். ஆரோக்கியமான நிலையில் அது வழவழப்பாக இருக்கும், வெள்ளையணுக்கள் அதன்மேல் நிற்காமல் ஓடிவிடும். சிகரெட் புகை, உயர்ந்த சுகர், உள்ளே நுழைந்து ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல்., வீங்கிய கொழுப்பிலிருந்து வரும் டி.என்.எஃப். ஆல்ஃபா, இவற்றில் ஏதாவது ஒன்று அந்தப் படலத்தைச் சீண்டினால், செல்லுக்குள் என்.எஃப். கப்பா பி என்ற சுவிட்ச் ஆன் ஆகிறது. உடனே செல் தன் மேற்பரப்பில் ஒட்டும் புரதங்களை நீட்டுகிறது, இ-செலக்டின், வி-கேம், ஐ-கேம் என்று அவற்றுக்குப் பெயர். ஓடிக்கொண்டிருந்த மோனோசைட் என்ற வெள்ளையணு அதில் லேசாகச் சிக்கி, வேகம் குறைந்து, உருண்டு உருண்டு, கடைசியில் ஓரிடத்தில் நின்று ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் தன் உடம்பைத் தட்டையாக்கி இரண்டு செல்களுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் நுழைந்து சுவருக்குள் போய்விடுகிறது. உள்ளே போனபின் அது மேக்ரோஃபேஜாக மாறி, அங்கே கிடக்கும் எல்.டி.எல்.லை விழுங்கிக்கொண்டே இருக்கிறது, எப்போது நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. வயிறு முழுக்கக் கொழுப்புத் துளிகளோடு நுரை மாதிரி ஆகிவிடுகிறது, அதனால்தான் அதற்கு நுரை செல் என்று பெயர். இப்படிப் பல லட்சம் நுரை செல்கள் சேர்ந்ததுதான் அடைப்பின் முதல் அடுக்கு.

இதில் அடிப்போனெக்டின் எங்கே வருகிறது? 1999இல் ஒசாகாவில் செய்த சோதனை எளிமையானது. மனித மகாதமனியின் எண்டோதீலியல் செல்களைத் தட்டில் வளர்த்தார்கள். சிலவற்றை அடிப்போனெக்டினில் பல மணி நேரம் ஊறவைத்தார்கள், பிறகு எல்லாவற்றின் மேலும் டி.என்.எஃப். ஆல்ஃபாவைப் போட்டு, மோனோசைட்டுகளை விட்டார்கள். ஊறவைத்த செல்களில் ஒட்டியவை குறைவு. ஒட்டும் புரதங்களும் குறைவாகவே நீண்டிருந்தன. அடுத்த ஆண்டு, அந்த என்.எஃப். கப்பா பி சுவிட்சையே இது தடுக்கிறது என்றும் காட்டினார்கள். எண்ணெய் தடவிய கை!

அதோடு நிற்கவில்லை. செல்லின் மேல் இதற்கென்று இரண்டு ஏற்பிகள் (ஹார்மோன் கொண்டுவரும் தகவலை வாங்கிக்கொள்ளும் புரதங்கள்) உண்டு, 2003இல் டோக்கியோவில் தகாஷி கடோவாகி குழு கண்டுபிடித்தது, அடிப்போ-ஆர்1, அடிப்போ-ஆர்2. இவற்றின் வழியாக ஏ.எம்.பி.கே. என்ற நொதி தூண்டப்படுகிறது, அது நைட்ரிக் ஆக்சைடு தயாரிப்பைக் கூட்டுகிறது. நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாயைத் தளர்த்தும், தட்டணுக்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொள்வதையும் தடுக்கும். அது உடம்பில் தகவல் சொல்லும் வாயு என்று கண்டுபிடித்ததற்காக 1998இல் மூன்று பேருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தேர்வில் வந்தாலும் வரும், குறித்துக்கொள். இது தவிர, சுவருக்குள் நுழைந்துவிட்ட மேக்ரோஃபேஜ்கள் எல்.டி.எல்.லை விழுங்கப் பயன்படுத்தும் ஏற்பிகளையும் அடிப்போனெக்டின் குறைக்கிறது, அவற்றைச் சண்டைக் குணத்திலிருந்து பழுதுபார்க்கும் குணத்துக்குத் திருப்புகிறது.

அடிப்போனெக்டினைத் தயாரிக்கும் மரபணு இல்லாத எலிகளை வளர்த்து, அவற்றின் ரத்தக்குழாயில் காயம் உண்டாக்கிப் பார்த்தபோது, சாதாரண எலிகளைவிட உள்சுவர் தடித்துப்போனது. காயம்பட்ட ரத்தக்குழாயில் அடிப்போனெக்டின் போய்ச் சேர்ந்து குவிந்திருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் நெகிழும். எங்கோ இடுப்பில் இருக்கிற ஒரு கொழுப்பு செல், இதயத்துப் பக்கத்தில் எங்கோ விழுந்த கீறலுக்கு ஆள் அனுப்புகிறது.

கேள்வி: வயது 41, உயரம் 168 செ.மீ., எடை 62 கிலோ. என்னை யாரும் குண்டு என்று சொன்னதே இல்லை. போன மாதம் வெறும் வயிற்றில் சுகர் 138. என் அக்கா 80 கிலோ, அவளுக்கு ஒன்றும் இல்லை. இது என்ன நியாயம்? — வாசகர், சேலம்

உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைப் பார்க்கும் கணக்கு, 22. புத்தகப்படி நீங்கள் சரியான எடை. நம் ஊரில் எனக்கு மிகவும் கவலை தருகிறவர்கள் இந்தக் கூட்டம்தான், ஏனென்றால் 'ஒல்லியாத்தானே இருக்கேன்' என்ற நினைப்பிலேயே பத்து வருஷம் ஓடிவிடும்.

2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரே பக்கத்தில் ஒரு படம் வந்தது. இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, இம்மி பிசகில்லை. ஆனால் உடம்பில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசில் ஒரே எண், உள்ளே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். இந்தியர்களான நமக்குத் தசை குறைவு, தோலுக்கு அடியில் பத்திரமாகக் கொழுப்பைச் சேர்த்து வைக்க இடமும் குறைவு. அந்த இடம் சீக்கிரம் நிரம்பி, மிச்சம் வயிற்றுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் வழிகிறது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். உங்கள் அக்காவுக்கு அந்த 80 கிலோவில் பெரும்பகுதி இடுப்பிலும் தொடையிலும் இருந்தால், அவர் கொழுப்பு செல்கள் இன்னும் திணறாமல் அடிப்போனெக்டினை அனுப்பிக்கொண்டிருக்கலாம். அவருக்கும் வருஷத்துக்கு ஒரு முறை சுகர் பார்க்கச் சொல்லுங்கள், அது எப்போதும் இப்படியே இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

இதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. 2003இல் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்தில் அடிப்போனெக்டின் குறைவாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் சுகர் வரும் வாய்ப்பு கூடுதல் என்று தெரிந்தது. 2005இல் டாக்டர் வி. மோகன் குழு, சென்னையில் நடந்த 'கியூர்ஸ்' ஆய்வில் தொப்பை, பிரஷர், சுகர், டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) எல்லாம் கூட்டாகச் சேரும் வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ளவர்களுக்கு இது குறைவாக இருப்பதைக் காட்டியது. நம் ஆட்களின் ரத்தத்தில் அளந்து பார்த்துச் சொன்னது.

உங்கள் வயதில் ஒருவர் என்னிடம் வந்து, "பேன்ட் சைஸ் கல்யாணத்தன்றும் 34, இன்றைக்கும் 34 டாக்டர், எனக்கு ஏது தொப்பை?" என்றார். எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தேன். பேன்ட் 34தான். ஆனால் பெல்ட் தொப்புளுக்கு நாலு விரல் கீழே இறங்கி, வயிறு அதன்மேல் கூரை போட்டிருந்தது. டேப்பை வைத்தால் 97 செ.மீ. அவர் முகம் மாறியதை மறக்க முடியவில்லை, 15 வருஷமாக பேன்ட் சைஸ் அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

எனவே நீங்கள் இன்றே ஒரு தையல்கார டேப் எடுங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். விலாவின் கடைசி எலும்பைத் தடவிக் கண்டுபிடியுங்கள், இடுப்பு எலும்பின் மேல் விளிம்பையும் கண்டுபிடியுங்கள், இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள், முதுகுப் பக்கம் டேப் இறங்கியிருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டபிறகு படியுங்கள். இந்திய ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ., அதற்கு மேல் போனால் அது தொப்பைதான், உங்கள் எடை எவ்வளவு என்பது எனக்கு ஒரு பொருட்டில்லை. சுகர் 138 என்பதை இன்னொரு முறை எடுத்து உறுதிசெய்து சிகிச்சையைத் தொடங்குங்கள். இனி எடை மெஷினைவிட டேப்பை நம்புங்கள், கூடவே வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள். உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது, எதுவானாலும் சரி.

கேள்வி: தொப்பைக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டால் ஒரே நாளில் பிரச்சினை தீர்ந்துவிடாதா? — வாசகி, கோயம்புத்தூர்

தீராது. 2004இல் அமெரிக்காவில் 15 பருமனான பெண்களுக்கு வயிற்றிலிருந்து அப்படிச் சுமார் 10 கிலோ கொழுப்பை எடுத்துவிட்டு அளந்து பார்த்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் விதம் மாறவில்லை, சி.ஆர்.பி. மாறவில்லை, அடிப்போனெக்டினும் மாறவில்லை. குழாய் விட்டு உறிஞ்ச முடிவது தோலுக்கு அடியில் இருப்பதை மட்டும். குடலைச் சுற்றி இருப்பது அப்படியே இருக்கிறது, மிச்சமிருக்கிற செல்களும் அதே வீக்கத்தோடுதான் இருக்கின்றன. சாப்பாட்டாலும் நடையாலும் ஐந்தாறு கிலோ குறைகிறவர்களுக்கு ஒவ்வொரு செல்லும் சுருங்குகிறது, வயிற்றுக்குள் இருப்பது முதலில் கரைகிறது. வித்தியாசம் அங்கேதான்.

கேள்வி: இந்த ஹார்மோனை மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுத்துக்கொள்ள முடியாதா? ஆன்லைனில் 'அடிப்போனெக்டின் பூஸ்டர்' என்று பவுடர் விற்கிறார்கள், டப்பா 2,800 ரூபாய். வாங்கலாமா? — வாசகர், ஓசூர்

வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல வாக்கிங் ஷூ கிடைக்கும்.

இன்சுலின் மாதிரி இதை ஊசியாகப் போட முடியாததற்குக் காரணம் உண்டு. இது 244 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம், அதுவும் தனியாகத் திரிவதில்லை. மூன்று மூன்றாகச் சேர்ந்து, அவை ஆறாகி, பன்னிரண்டு பதினெட்டு என்று பெரிய கொத்தாகக் கட்டிக்கொண்டுதான் சரியாக வேலை செய்கிறது. அப்படியே தொழிற்சாலையில் செய்வது கஷ்டம், ரத்தத்தில் இவ்வளவு அதிகமாக இருப்பதால் போட வேண்டிய அளவும் அதிகம். வாய்வழியாகப் புரதத்தைச் சாப்பிட்டால் பருப்பு மாதிரி ஜீரணமாகிவிடும். 2013இல் டோக்கியோ குழு, அதன் ஏற்பிகளைத் தூண்டும் சிறிய மூலக்கூறு ஒன்றை உருவாக்கி, அடிப்போரான் என்று பெயரிட்டு, எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தது. சுகர் குறைந்தது, கொழுத்த எலிகளின் ஆயுளும் கூடியது. அது இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் பொருள் இல்லை.

இப்போது இருக்கும் மருந்துகளில் அடிப்போனெக்டினை நன்றாக உயர்த்துவது பயோகிளிட்டசோன், சுகர் மாத்திரை. ஆனால் அதனால் உடம்பில் நீர் கோக்கும், இதயம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து, எலும்பு முறிவும் கூடும். சுகருக்காக உங்கள் மருத்துவர் யோசித்து எழுதினால் சரி, இந்த ஹார்மோனுக்காக நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான். தம்பி ஆர்வத்தில் அவருக்கும் அடிப்போனெக்டின் பார்த்தான், மிக அதிகம் என்று வந்தது. அப்படியென்றால் அப்பாவின் ரத்தக்குழாய் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? — வாசகி, புதுச்சேரி

இல்லை அம்மா, அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இதயம் தளர்ந்தவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், நோயால் உடம்பு மெலிந்துபோனவர்கள் இவர்களுக்கெல்லாம் அடிப்போனெக்டின் ஏறியே இருக்கும், அதிலும் மிக அதிகமாக இருப்பவர்களின் நிலைமை மோசமாக இருப்பதையே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடம்பு ஆபத்தை உணர்ந்து கூடுதலாகச் சுரக்கிறது என்பது ஒரு விளக்கம், ஏற்பிகள் அதைக் கேட்காமல் போய்விட்டன என்பது இன்னொன்று.

நான் இதுவரை எழுதியதைப் படித்து 'இந்த ஹார்மோன் ஏறினால் மாரடைப்பே வராது' என்று யாராவது எண்ணியிருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். தட்டில் வளர்த்த செல்லிலும் எலியிலும் இதன் வேலை தெளிவு. 2004இல் அமெரிக்க ஆண்களிடம் நடந்த ஆய்வில் இது அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவாகவும் இருந்தது. ஆனால் பிறவியிலேயே இது சற்று அதிகமாகச் சுரக்கும் மரபணு அமைப்பு உள்ளவர்களை வைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில், அவர்களுக்கு இதய நோய் குறைவாக வரவில்லை. ஆக, இந்த எண் தனியாக நம்மைக் காப்பாற்றிவிடாது. அது உயரும்படி கொழுப்புத் திசு ஆரோக்கியமாகும்போது சுகர், பிரஷர், டிரைகிளிசரைடு, சி.ஆர்.பி. எல்லாம் சேர்ந்தே திருந்துகின்றன, அந்தக் கூட்டுப் பலன்தான் நமக்கு வேண்டும்.

அப்பாவுக்கு இப்போது முக்கியம் தினமும் காலையில் எடை பார்ப்பது. இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். உப்பைக் குறையுங்கள், அப்பளம், ஊறுகாய், கருவாடு வேண்டாம். மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது. தம்பியை இனி அந்தப் பரிசோதனைக்குச் செலவழிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டுக்காரருக்கு 48 வயது, கடை வைத்திருக்கிறார். ராத்திரி பத்தரைக்குத்தான் வீட்டுக்கு வருவார். இடுப்பு 102 செ.மீ. என்ன சமைத்துக் கொடுத்தால் இந்த ஹார்மோன் கூடும்? — வாசகி, மதுரை

ஒரு காயோ ஒரு எண்ணெயோ சொல்லி முடித்துவிடலாம்தான், அது உங்களை ஏமாற்றுவது. அப்படி எந்தப் பண்டமும் இல்லை. 2003இல் இத்தாலியில் 120 பருமனான பெண்களை இரண்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. காய், பழம், முழுத் தானியம், பருப்பு வகை, ஆலிவ் எண்ணெய் என்று சாப்பாட்டை மாற்றி, நடையைக் கூட்டி, எடையைக் குறைத்த பிரிவுக்கு அடிப்போனெக்டின் உயர்ந்தது, அழற்சிக் குறியீடுகள் இறங்கின. மொத்தச் சாப்பாடும் எடையும் சேர்ந்து செய்த வேலை அது. நமக்கு ஆலிவ் எண்ணெய் கட்டாயமில்லை, மதுரையில் கிடைக்கிற கடலை எண்ணெயே போதும், அளவுதான் கேள்வி.

அவர் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறார் என்று கேளுங்கள். ஐந்து என்று வையுங்கள், இரண்டு கரண்டி சர்க்கரை போட்டால் நாளுக்கு 50 கிராம் சர்க்கரை, 200 கலோரி, டீக்கடை வடை தனி. கடையில் உட்காருகிறவர்களின் வயிறு பெரும்பாலும் வீட்டுச் சாப்பாட்டால் பெருப்பதில்லை. ஏழு மணிவாக்கில் கடைக்கே ஒரு டப்பாவில் சுண்டலோ, அவித்த கடலையோ, இரண்டு முட்டையோ கொடுத்து அனுப்புங்கள். அப்போதுதான் பத்தரை மணிக்கு வரும்போது பசி வெறியாக இருக்காது, நாலு பரோட்டா கட்டிக்கொண்டு வரத் தோன்றாது. ராத்திரி இரண்டு இட்லி அல்லது ஒரு தோசை, நிறைய சாம்பார், ஒரு கிண்ணம் பொரியல் போதும். மத்தியானம் சோற்றைப் பாதியாக்கிக் காயை இரட்டிப்பாக்குங்கள், மீன் குழம்பு வைத்தால் நல்லது, வறுவல் வேண்டாம். சிகரெட் உண்டென்றால் அதை முதலில் விட வேண்டும், புகைப்பவர்களுக்கு அடிப்போனெக்டின் குறைவு என்பது மட்டுமில்லை, நாகர்கோவில் பெண்ணுக்கு நான் எழுதிய அந்த வழவழப்பான படலத்தைப் புகை நேராகவே கெடுக்கிறது.

நடக்க நேரம் இல்லை என்பார். காலையில் கடை திறக்கும் முன் 30 நிமிடம் கிடைக்காவிட்டால், மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் 15, ராத்திரி சாப்பிட்டபின் தெருவில் 15. தனியாக அனுப்பினால் போக மாட்டார், நீங்களும் கூடப் போங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில் அதே டேப்பால் இடுப்பை அளந்து காலண்டரில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த மூன்று எண்களையும் எனக்கு எழுதுங்கள்.